ஏழு மாதம் போய்விட்டது, இனி வழக்குப் போட முடியுமா?

விளவங்கோடு தாலுகாவிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். முந்திரி ஆலையில் வேலை, ஊர்ப் பேச்சில் சொன்னால் அண்டியாபீஸ். தம்பி ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர். மனைவியும் மூன்று வயதுக் குழந்தையும் உண்டு. ஏழு மாதங்களுக்கு முன் ஒரு நள்ளிரவில், திருட்டு வழக்கு ஒன்றில் விசாரிக்க வேண்டும் என்று போலீசார் அவரை வீட்டிலிருந்து அழைத்துப் போனார்கள். கைதுக் குறிப்பு எதுவும் தரவில்லை. மறுநாள் மாலை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரச் சொல்லி போன் வந்தது. போனபோது உடல் பிணவறையில் இருந்தது. "நெஞ்சு வலின்னான், விழுந்துட்டான்" என்பதே விளக்கம். முகத்தை மட்டும் காட்டினார்கள். உடலை வாங்கும்போது தம்பி மனைவியிடம் இரண்டு மூன்று தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். என்ன எழுதியிருந்தது என்று அவருக்குத் தெரியாது. சபைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது.

பிறகு ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்தார்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கை கேட்டால், "கெமிக்கல் ரிப்போர்ட் வரணும்" என்கிறார்கள். ஊர்ப் பிரமுகர் ஒருவர் பணம் பேசுகிறார். இன்னொருவர், "கேஸு கோர்ட்டுன்னு போனா ஒனக்க மாப்பிள்ளைக்க ஆட்டோ ஓடாது" என்கிறார். சகோதரியின் கேள்விகள் இவை: ஆர்.டி.ஓ. விசாரித்ததோடு எல்லாம் முடிந்துவிட்டதா? மாரடைப்பு என்று எழுதியிருந்தால் வழக்கு நிற்குமா? தம்பி மேல் பழைய திருட்டு வழக்கு இருந்தது, அது நம்மைக் கெடுக்குமா? சி.பி.ஐ. வந்தால்தான் உண்மை வெளிவருமா? அரசு தரும் பணத்தை வாங்கலாமா? கடைசியாக ஒன்று: "கல்லறையைத் தோண்டுவார்களா என்று அம்மா தினமும் கேட்கிறாள்."

சகோதரி, உங்கள் தம்பியின் இறப்புக்கு என் ஆழ்ந்த வருத்தம். முதல் கேள்விக்குப் பதில்: எதுவும் முடிந்துவிடவில்லை. கொலை வழக்குக்குக் காலவரம்பு கிடையாது. ஆனால் உங்களிடம் மீதமிருக்கும் ஐந்து மாதங்கள் மிகவும் முக்கியமானவை. இரண்டு கெடுக்கள் ஒன்றாக ஓடிக்கொண்டிருக்கின்றன. மனித உரிமை ஆணையம் சம்பவம் நடந்து ஓராண்டுக்குப் பிறகு எந்தப் புகாரையும் விசாரிக்கக் கூடாது என்று 1993-ஆம் ஆண்டு மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 36(2) பிரிவு சொல்கிறது. காவல் நிலைய சி.சி.டி.வி. பதிவை 18 மாதம் வைத்திருக்க வேண்டும், வசதி இல்லாவிட்டாலும் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் பரம்வீர் சிங் சைனி வழக்கில் உத்தரவிட்டது. சி.பி.ஐ. வருமா, அமைச்சர் பார்ப்பாரா என்று காத்திருந்தால் இந்த இரண்டையும் இழந்துவிடுவீர்கள்.

ஆர்.டி.ஓ. விசாரணை வேறு, மாஜிஸ்திரேட் விசாரணை வேறு

நம் மாவட்டத்தில் பல குடும்பங்கள் தடுமாறும் இடம் இது. ஆர்.டி.ஓ. நடத்துவது காவல் நிலை ஆணை 151-இன்படி நடக்கும் நிர்வாக விசாரணை. அறிக்கை கலெக்டர் வழியாக அரசுக்குப் போகும். துறை நடவடிக்கைக்கு அது உதவும். சட்டம் கேட்கும் விசாரணை அதுவல்ல. போலீஸ் காவலில் ஒருவர் இறந்தால், போலீஸ் விசாரணை தவிர, அந்த எல்லைக்குரிய நீதித்துறை மாஜிஸ்திரேட் தனியாக விசாரிக்க வேண்டும் என்பது 2006-இலிருந்து கட்டாயம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 176(1ஏ) பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 196(2). முடிந்தவரை உறவினர்களுக்குத் தெரிவித்து, விசாரணையின்போது அவர்களை உடன் இருக்க அனுமதிக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

உங்களுக்கு அப்படி ஒரு சம்மன் வந்ததாகக் கடிதத்தில் இல்லை. விசாரணையே நடக்கவில்லையா, உங்களை அழைக்காமல் நடந்ததா என்று முதலில் பாருங்கள். காவல் நிலையம் குழித்துறை நீதிமன்ற எல்லையில், உடல் இருந்தது நாகர்கோவில் பக்கம். கோப்பு எந்த மாஜிஸ்திரேட்டிடம் இருக்கிறது என்று இரண்டு இடத்திலும் விசாரியுங்கள்.

"கைது செய்யவே இல்லை, விசாரிக்கத்தான் கூப்பிட்டோம், அதனால் இது காவல் மரணம் இல்லை" என்று உங்களிடம் சொல்வார்கள். காவல் என்பதற்குக் கைதுக் குறிப்பு தேவையில்லை. ஒருவர் போலீசின் கட்டுப்பாட்டில், தானாக எழுந்து போக முடியாத நிலையில் இருந்தால் அது காவல்தான். சாட்சியாக அழைத்தார்கள் என்றால் பி.என்.எஸ்.எஸ். 179-ஆம் பிரிவின்படி எழுத்தில் நோட்டீஸ் எங்கே? கைது என்றால் 36-ஆம் பிரிவின்படி குடும்பத்தாரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்திட்ட குறிப்பு எங்கே? 53-ஆம் பிரிவின்படி மருத்துவப் பரிசோதனை எங்கே? எதைச் சொன்னாலும் காட்ட வேண்டிய காகிதம் ஒன்று இருக்கிறது. அது இல்லாமல் போவதே உங்கள் பக்கத்துக்கு முதல் பலம்.

கைக்கு வர வேண்டிய காகிதங்கள்

காவல் மரண வழக்குகளில் அடித்ததைப் பார்த்த சாட்சி பெரும்பாலும் அடித்தவரின் சக ஊழியரே. 2020-இல் சாத்தான்குளம் காவல் மரண வழக்கில் ஒரு பெண் தலைமைக் காவலர் மாஜிஸ்திரேட் முன் துணிந்து சொன்னார். 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளி இறந்தபோது, அடித்ததை ஒருவர் செல்போனில் பதிவு செய்திருந்தார். அப்படி எதுவும் இல்லாத வழக்கைக் காகிதமும் கடிகார நேரமும்தான் தூக்கி நிறுத்த வேண்டும். யார் எப்போது எதை எழுதினார்கள் என்பதை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தால் பொய் எங்கே என்று தெரிந்துவிடும்.

எஃப்.ஐ.ஆர். பாதிக்கப்பட்டவருக்கு இலவச நகல் தர வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 173(2) பிரிவு சொல்கிறது. சட்டத்தின் கண்ணில் வாரிசும் 'பாதிக்கப்பட்டவர்'தான். எந்தப் பிரிவில் பதிந்திருக்கிறார்கள், தகவல் கொடுத்தவர் யார், எத்தனை மணிக்கு என்று பாருங்கள். விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அதைச் செய்யாததை மனுவில் எழுதுங்கள்.

ஆசாரிப்பள்ளம் மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி, அதாவது விபத்துப் பதிவேட்டின் நகல். பலர் கேட்க மறப்பது இதைத்தான். விபத்துப் பதிவேட்டில் அழைத்து வந்த காவலரின் பெயரும் எண்ணும், வந்த நேரம், உயிர் இருந்ததா, என்ன காரணம் சொன்னார்கள், உடலில் என்ன காயம் தெரிந்தது என்பதெல்லாம் பணியில் இருந்த மருத்துவர் கையால் எழுதப்பட்டிருக்கும். 'நெஞ்சு வலி' என்று எஃப்.ஐ.ஆரிலும் 'வழுக்கி விழுந்தார்' என்று ஏ.ஆரிலும் இருந்தால் அதுவே பெரிய சாட்சி. அதற்கு முன் வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களா என்றும் கேளுங்கள்; அங்கேயும் ஒரு பதிவு இருக்கும்.

பிரேதப் பரிசோதனை அறிக்கை. கெமிக்கல் ரிப்போர்ட் வரவில்லை என்பது அறிக்கை தராமலிருக்கக் காரணம் ஆகாது. இறுதிக் கருத்துதான் அதற்காக நிற்கும். காயங்களின் பட்டியல் அன்றே எழுதப்பட்டுவிட்டது. காவல் மரணத்தில் தடய மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்த இரண்டு மருத்துவர்கள் பரிசோதனை செய்ய வேண்டும், முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும், எலும்பு முறிவு பார்க்க முழு உடல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அறிக்கையை வாரிசுகளுக்கும் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2020-இல் சந்தோஷ் வழக்கில் வழிகாட்டுதல் தந்தது. அறிக்கை, வீடியோ, எக்ஸ்ரே மூன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வந்ததும், வழக்கில் சம்பந்தமில்லாத தடய மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். உள்ளங்கால், பிட்டம், தொடையின் பின்புறம் ஆகிய இடங்களைத் தோல் பிளந்து பார்த்தார்களா? கன்றிப்போன காயங்களின் நிறத்தை எழுதினார்களா? புதுக் காயம் சிவப்பாகத் தொடங்கி நீலமாகி, சில நாளில் பச்சை, மஞ்சள் என்று மாறும். 'அது பழைய காயம்' என்ற வாதத்துக்கு அந்த நிறமே பதில் சொல்லும். இதயத்தோடு சிறுநீரகத் திசுவையும் நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா? தொடையிலும் பிட்டத்திலும் திரும்பத் திரும்ப அடிக்கும்போது தசை சிதைந்து, அதன் கழிவு சிறுநீரகத்தை அடைத்து உயிர் போவதுண்டு. வெளியே பெரிய ரத்தக்காயம் இல்லாததால் 'இயற்கை மரணம்' போலத் தோன்றும்.

காவல் நிலையப் பதிவுகள். பொது நாட்குறிப்பு, பாராக் காவலர் மாறும் புத்தகம், ஜீப்பின் லாக் புத்தகம், சி.சி.டி.வி. பதிவு. இவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் கேட்கலாம். ஆனால் 'விசாரணை நடக்கிறது' என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். மறுப்பு வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள், கேட்டதற்கு அது ஆதாரம். சி.சி.டி.வி.யை மட்டும் ஆர்.டி.ஐ.யை நம்பி விடாதீர்கள். காவலில் காயமோ மரணமோ நேர்ந்தால் மனித உரிமை ஆணையமும் மனித உரிமை நீதிமன்றமும் பதிவை உடனே வரவழைத்துப் பாதுகாக்கலாம் என்று சைனி தீர்ப்பே சொல்கிறது. சாத்தான்குளத்தில் ஹார்ட் டிஸ்கில் இடம் இருந்தும் பதிவு தினமும் தானாக அழியும்படி அமைப்பை வைத்திருந்ததை மாஜிஸ்திரேட் கண்டுபிடித்தார். ஆகவே 'பதிவு' என்று மட்டும் எழுதாமல், 'ரெக்கார்டர் கருவி, ஹார்ட் டிஸ்க், அதன் அமைப்பு விவரம், பழுது குறித்து நிலையப் பொறுப்பாளர் எழுதிய கடிதங்கள்' என்று விரித்து எழுதுங்கள். கேமரா வேலை செய்யவில்லை என்றால், அதைச் சரியாக வைத்திருக்கும் பொறுப்பு அந்த நிலைய அதிகாரியுடையது.

மாரடைப்பும் பழைய வழக்கும்

அறிக்கையில் மாரடைப்பு என்றே இருந்தாலும் வழக்கு சாகாது. நோயுள்ள ஒருவரின் உடலில் காயம் ஏற்படுத்தி, அதனால் அவர் சாவு முன்கூட்டியே வந்தால், காயப்படுத்தியவரே சாவுக்குக் காரணம் என்று பி.என்.எஸ். என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு முதல் விளக்கம் தெளிவாகச் சொல்கிறது. வாக்குமூலம் வாங்க அடிப்பது 120-ஆம் பிரிவில் தனிக் குற்றம்: சாதாரணக் காயத்துக்கு 7 ஆண்டு வரை, கொடுங்காயத்துக்கு 10 ஆண்டு வரை.

பழைய திருட்டு வழக்கைப் பற்றி வெட்கப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். மனுவில் நீங்களே எழுதிவிடுங்கள். திருடியவனையும் அடிக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை. மறைத்தால், எதிர்த்தரப்பு அதை எடுத்துக் காட்டி உங்கள் மற்ற சொல்லையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கும். அவர்மேல் நிலுவையில் இருந்த வழக்கு அவர் இறப்போடு அற்றுப்போகும்.

எந்தக் கதவை முதலில் தட்டுவது

முதலில் வாரிசுச் சான்றிதழ். தாசில்தாரிடம் தம்பி மனைவி பெயரில் விண்ணப்பியுங்கள். அக்கா என்ற முறையில் ஆணையத்தில் நீங்களே புகார் கொடுக்கலாம். ஆனால் உயர் நீதிமன்றத்தில் மனைவி முதல் மனுதாரராகவும் அம்மா இரண்டாவதாகவும் இருப்பது நல்லது. இழப்பீடு அவர்களையும் குழந்தையையும் சேரும் என்பது ஒரு காரணம். தம்பி மனைவியைத் தனியாகப் பிரித்துக் கையெழுத்து வாங்கும் முயற்சி நடந்தால் தடுக்கவும் அது உதவும். அவர் பிறந்த வீட்டில் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வக்கீலைப் பார்ப்பதற்கு முன் அவரைப் போய்ப் பாருங்கள். குடும்பம் இரண்டாகப் பிரிந்தால் வழக்கு நடுவழியில் நின்றுபோகும்.

அடுத்தது ஆணையம். காவல் மரணம் நடந்த 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1993 டிசம்பரிலிருந்து நடைமுறை. ஆகவே அங்கே உங்கள் தம்பி பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கக்கூடும். இருந்தால் அதிலேயே உங்கள் புகாரைச் சேருங்கள்; இல்லாவிட்டால் சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குப் போங்கள். தேசிய ஆணையம் விசாரிக்கும் விஷயத்தை மாநில ஆணையம் எடுக்காது, மாநில ஆணையத்தில் நிலுவையில் இருப்பதைத் தேசிய ஆணையமும் எடுக்காது. இரண்டுக்கும் அனுப்பினால் பலம் கூடும் என்று நினைத்துக் காலத்தை இழந்தவர்கள் உண்டு. தமிழில் எழுதலாம், கட்டணம் இல்லை. ஆணையம் யாரையும் சிறைக்கு அனுப்பாது. இழப்பீடு, துறை நடவடிக்கை, வழக்குத் தொடர்தல் ஆகியவற்றைப் பரிந்துரைக்கும். மாநில ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. 'சும்மா சிபாரிசுதானே' என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பிறகு மதுரைக் கிளையில் ரிட் மனு. உங்கள் வழக்கின் முதுகெலும்பு இதுதான். சி.சி.டி.வி.யைப் பாதுகாக்க இடைக்கால உத்தரவு, மாஜிஸ்திரேட் விசாரணை அறிக்கையின் நகல், எஃப்.ஐ.ஆர். பிரிவு மாற்றம், உள்ளூர்ப் போலீஸ் அல்லாத விசாரணை, இழப்பீடு எல்லாவற்றையும் அங்கே கேட்க முடியும். சி.பி.ஐ. மட்டுமே வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம் என்பது என் கருத்து. விசாரிப்பவர் அந்த நிலையத்துக்கும் அந்த உட்கோட்டத்துக்கும் சம்பந்தமில்லாதவராக, நீதிமன்றத்துக்கு அறிக்கை தருபவராக இருப்பதே முக்கியம். மாநிலப் போலீசின் சி.பி.சி.ஐ.டி. பிரிவு என்றாலும் நீதிமன்றக் கண்காணிப்போடு கேளுங்கள். விசாரணை தடம் மாறினால் அப்போது சி.பி.ஐ. கேட்க வழி இருக்கிறது.

நேராக மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்கும் வழியும் உண்டு. ஆனால் பி.என்.எஸ்.எஸ். 223-ஆம் பிரிவில், அரசு ஊழியர்மேல் வழக்கை எடுக்கும் முன் அவர் விளக்கத்தையும் மேலதிகாரி அறிக்கையையும் கேட்க வேண்டும் என்று வந்துவிட்டது. பணி தொடர்பான செயல் என்று சொல்லி 218-ஆம் பிரிவில் அரசின் முன் அனுமதியும் கேட்பார்கள். அனுமதி கோரி 120 நாளில் அரசு முடிவு சொல்லாவிட்டால் கொடுத்ததாகவே கொள்ளப்படும். இந்த வழியை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் வீட்டுக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ் என்று ஒன்று வரலாம். 'விசாரித்தோம், குற்றம் இல்லை, வழக்கை முடிக்கிறோம்' என்று அதற்குப் பொருள். கையெழுத்துப் போட்டு வாங்குங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், 'ஆட்சேபணை இல்லை' என்று மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். மாஜிஸ்திரேட் முன் ஆட்சேப மனு போட உங்களுக்கு உரிமை உண்டு.

செலவை நினைத்துத் தயங்குகிறீர்கள். பெண் என்ற ஒரு காரணத்தாலேயே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவிக்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. உயர் நீதிமன்ற வழக்குக்கு மதுரையிலேயே சட்டப் பணிக் குழு உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஒடிசாவில் 1987 டிசம்பரில் போலீஸ் பிடித்துப்போன மகனின் உடல் மறுநாள் தண்டவாளத்தில் கிடந்தபோது, நீலாவதி பெஹரா என்ற தாய் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்து, 1993-இல் ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். காவல் மரணத்துக்கு அரசே பொறுப்பு என்று இன்று நாம் வாதாடுவது அந்தத் தீர்ப்பின் மேல் நின்றுதான்.

பணம், கையெழுத்து, மிரட்டல்

அரசு தரும் நிவாரணத்தை வாங்கலாம். அது அரசின் கடமை. வாங்கியதால் குற்ற வழக்கு போகாது, கூடுதல் இழப்பீடு கேட்கும் உரிமையும் போகாது. ரசீதில் 'உரிமைக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். பிரமுகர் வழியாக வரும் பணத்தைத் தொடவே வேண்டாம். கொலைக் குற்றத்தைத் தரப்புகள் பேசிச் சமரசமாக்கச் சட்டத்தில் இடமில்லை. அந்தப் பணத்தால் வழக்கு முடியாது, உங்கள் சாட்சியத்தின் மதிப்புதான் குறையும். பிணவறை வாசலில் தம்பி மனைவி போட்ட கையெழுத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். எந்தச் சூழ்நிலையில், யார் சொல்லி, படித்துக் காட்டாமல் வாங்கப்பட்டது என்பதை இப்போதே விவரமாக எழுதி எஸ்.பி.க்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் ஒப்புகையுடன் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். விசாரணை தொடங்கிய பிறகு முதல்முறையாகச் சொன்னால், வக்கீல் சொல்லிக் கொடுத்தது என்பார்கள்.

ஆட்டோ ஓடாது என்று சொன்னவர் பேச்சையும் தேதி, நேரம், இடம், உடன் இருந்தவர் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் 2018-இலிருந்து நடப்பில் இருக்கிறது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஆபத்து எவ்வளவு என்று அறிக்கை தருபவர் உட்கோட்ட டி.எஸ்.பி. உங்கள் வழக்கில் அது சரிவராது. வேறு உட்கோட்ட அதிகாரியிடமிருந்து அறிக்கை பெற வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே கேளுங்கள்.

அம்மாவின் கேள்வி

உடலைத் தோண்டி எடுக்க மாஜிஸ்திரேட்டுக்கு பி.என்.எஸ்.எஸ். 196(4) பிரிவில் அதிகாரம் உண்டு. ஆனால் ஏழு மாதத்துக்குப் பிறகு அதனால் என்ன கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். கன்றிய காயங்கள், தசைச் சிதைவு எல்லாம் மண்ணோடு போயிருக்கும். விலா எலும்பு, கை கால் எலும்பு, கழுத்தின் நாவடி எலும்பு ஆகியவற்றின் முறிவு மட்டும் நிற்கும். முதல் பரிசோதனையில் எக்ஸ்ரே எடுத்திருந்தால் அதுவே போதும்; எடுக்காமல் விட்டிருந்தால், அல்லது எக்ஸ்ரேயும் அறிக்கையும் முரண்பட்டால்தான் தோண்டுவது பயன் தரும். அப்போதும் வெளி மாவட்டத் தடய மருத்துவர்கள் முன், வீடியோ பதிவோடு, உங்கள் சார்பில் ஒருவர் உடனிருக்கச் செய்ய வேண்டும். ஆகவே அம்மாவிடம் சொல்லுங்கள்: அந்த முடிவை இன்று எடுக்க வேண்டியதில்லை. எக்ஸ்ரே கைக்கு வரட்டும், பிறகு அவரையும் தம்பி மனைவியையும் உட்கார வைத்துப் பேசலாம். அதுவரை கல்லறை மேல் சிமென்ட் கட்டுமானம் எதுவும் செய்யாமல் இருங்கள். சபையாரிடமும் சொல்லி வையுங்கள்.